டிகிரி வேண்டாம் என்று நான் சொன்ன பிள்ளை

இனி உங்களில ஒராள் எனக்குப் போன் எடுத்து, "மிஸ், லாப் டிகிரி செய்தால் பிரயோசனம் இருக்கா?" எண்டு கேட்டால் நான் போனை வைச்சிடுவன். உண்மையாத்தான் சொல்றன். பென்சனில வந்த நாளில இருந்து இதே கேள்வி. மீன் சந்தையில நிக்கேக்க கேக்கினம். கோயில் வாசலில செருப்புக் கழட்டேக்க கேக்கினம். போன கிழமை பல்லு டொக்டரிட்ட வாயைத் திறந்துகொண்டு கிடக்கேக்க அவற்ற நேர்ஸ் கேக்கிறா, தன்ர மகனுக்காம். படிக்க எவ்வளவு காசு முடியும், முடிச்சால் எவ்வளவு சம்பளம், வெளிநாட்டுக்குப் போகலாமா. இந்த மூண்டையும் விட்டால் வேற கேள்வியே இல்லை.

ஆனா இப்ப புதுசா லாப்புக்குள்ள வந்திருக்கிற உங்களுக்கு நான் பதில் சொல்லத்தான் வேணும். ஏனெண்டால் இதே கேள்விக்கு நான் ஒருக்கா வாய் கிழியப் பதில் சொன்னனான். பிழையாச் சொன்னனான். அதால ஒரு பிள்ளை நல்லா அடிபட்டது. என்னில எனக்கு இருக்கிற எரிச்சல் இன்னும் அடங்கேல்ல, அதனால சத்தம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லோணும். பள்ளிக்கூடத்தில ஏ.எல். முடிச்சு, டிப்ளோமா செய்து, இந்த மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரி லாப்புகளில முப்பத்திரண்டு வருசம் வேலை செய்தனான். டிகிரி இல்லை. எங்கட காலத்தில டிப்ளோமாவே காணும், அதிலயே அரசாங்கப் பதிவும் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசில ஒரு ரிப்போர்ட் எழுதினனான், சீனி ஆயிரத்துக்குக் கிட்ட, ஹீமோகுளோபின் நாலு. மெஷின் சொன்னது, நான் எழுதினனான், அவ்வளவுதான். அப்ப எங்களுக்கு மேல இருந்தவர் ஒரு சிடுமூஞ்சி மனிசன். பேப்பரைப் பாத்திட்டு என்ர கையிலயே திருப்பித் தந்தார். போய் வாட்டில இந்த ஆள் உயிரோட இருக்கிறாரா எண்டு பாத்திட்டு வா எண்டார். போனன். ஆள் கட்டிலில சம்மணம் கட்டி இருந்து இடியப்பம் சாப்பிடுறார். இடது கையில சீனி கலந்த சேலைன் ஏறிக்கொண்டிருக்கு. அந்தக் கையிலயே ஆரோ இரத்தம் எடுத்திருக்கினம். நான் அளந்தது மனிசனை இல்லை, போத்தல் தண்ணியை.

அண்டையில இருந்து எங்கட லாப்பில ஒரு வழக்கம். உயிரோட இருக்கிற மனிசனுக்கு வர ஏலாத இலக்கம் ஒண்டு வந்தால், கையெழுத்துப் போட முதல் நடந்து போய் ஆளைப் பாக்கோணும். மழையெண்டாலும், சாப்பாட்டு நேரமெண்டாலும், நீங்கள் எவ்வளவு பெரிய ஆளெண்டாலும். நானும் எனக்குக் கீழ வந்த எத்தினையோ பேரை ஏசி ஏசி அனுப்பியிருக்கிறன்.

பிறகு டிகிரிப் பிள்ளையள் வரத் தொடங்கினவை. சொல்லுறதெண்டால் நல்ல பிள்ளையள்தான். ஆனா ஒருமுறை வெளிநாட்டில ஆறு மாதப் பயிற்சி ஒண்டு வந்தது. என்னைத்தான் அனுப்புவினம் எண்டு எல்லாரும் நினைச்சவை, நானும் நினைச்சனான். கடிதத்தில ஒரு வரி: பட்டதாரிகள் மட்டும். நான் ஊசி பிடிக்கக் காட்டிக்குடுத்த பெடியன் ஒருத்தன் போனவன். நான்தான் அவனுக்குக் குளிருக்குப் போடச் சுவெற்றர் வாங்கிக் குடுத்து, பல்லைக் காட்டிச் சிரிச்சு வழியனுப்பினனான். அவனில ஒரு பிழையும் இல்லை. ஆனா அந்த ஒரு வரி எனக்குள்ள செமிக்கேல்ல. கண்டறியாத டிகிரி எண்டு அண்டைக்கு மனசுக்குள்ள சொன்னதை, பென்சனில வருமட்டும் சொல்லிக்கொண்டுதான் இருந்தனான்.

பென்சனில வந்த பிறகு, டவுனில ஒரு பிரைவேட் லாப்பில கிழமையில மூண்டு காலமை வந்து ரிப்போர்ட்டுகளைப் பாத்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டினம். பதிவு உள்ள ஒராள் கையெழுத்துப் போட்டால்தான் ரிப்போர்ட் ரிப்போர்ட். முதலாளி மருந்துக்கடை வைச்சிருந்த மனிசன், லாப் பற்றி ஒண்டும் தெரியாது, ஆனா மரியாதை தெரிஞ்ச ஆள். சம்மதிச்சன்.

அங்கதான் ரிஸ்னாவைக் கண்டனான். தோப்பூர்ப் பிள்ளை, அப்ப இருவத்திரெண்டு வயசு. ஏ.எல். மூண்டு தரமும் எடுத்து, மூண்டு தரமும் கம்பசுக்கு மயிரிழையில தவறினது. ஆறு மாதக் கோஸ் ஒண்டு செய்துபோட்டு இரத்தம் எடுக்கிறது, மெஷின் ஓட்டுறது எல்லாம் அவதான். விடிய முதல் பஸ்ஸில வருவா, ஒரு நாள் பிந்தினதில்லை. ஆனா நான் கவனிச்சது அதை இல்லை. அவவின்ர கண்ணை. ஒருநாள் ஒரு மனிசியின்ர ரிப்போர்ட்டைக் கொண்டந்து, "மிஸ், இவக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் வேற இரத்த வகை எழுதியிருக்கு" எண்டு சொன்னா. ஆரும் கேக்காமல், பழைய கொப்பியைத் தானாத் தேடிப் பாத்திருக்கிறா. சொந்தக்காரி ஒருத்தியின்ர கார்ட்டைக் கொண்டந்து இரத்தம் குடுத்த கேஸ் அது. முப்பத்திரண்டு வருசத்தில அப்பிடிக் கண் உள்ளவை எண்டு நான் விரல் விட்டு எண்ணுற அளவுதான் கண்டிருக்கிறன்.

ஒரு காலமை ரிஸ்னாவும் அவவின்ர வாப்பாவும் சேர்ந்து வந்தினம். வாப்பா வயல் செய்யிற மனிசன், நான் அண்ணை எண்டுறதுக்குப் பதிலா நானா எண்டு கூப்பிடுறனான், கையில ஒரு பளபளக்கிற புத்தகம். கொழும்பில ஒரு தனியார் நிறுவனம், நாலு வருச டிகிரி, வெளிநாட்டுக் கம்பஸின்ர பேர் பெரிசாப் போட்டிருக்கு. மகளுக்கு ஆசை. வயலில பாதியை விக்கோணும். மிஸ் என்ன சொல்றாவோ அதுதான் எண்டு அந்த மனிசன் என்ர முன்னால கதிரை நுனியில இருந்தார்.

நான் அந்தப் புத்தகத்தைத் திறந்து பாத்தனானோ எண்டு கேளுங்கோ. இல்லை. மேசையில கிடந்ததை ஒரு விரலால தள்ளிவிட்டன். வயலை வித்துப் படிக்கிற படிப்பே இது நானா, நான் டிகிரி இல்லாமல் டிகிரிக்காரருக்குப் படிப்பிச்சனான், பிள்ளைக்குக் கண் இருக்கு, கை இருக்கு, வேலையிலேயே எல்லாம் வரும், காசைக் கரியாக்காதேங்கோ. இப்பிடிக் கால் மணித்தியாலம் பேசினனான். வாப்பாவின்ர முகம் அப்பிடியே தெளிஞ்சிது. ரிஸ்னா புத்தகத்தை எடுத்து ரெண்டா மடிச்சுப் பைக்குள்ள வைச்சா. எனக்கு அண்டைக்கு முழுக்க ஒரே பெருமை, ஒரு குடும்பத்தின்ர வயலைக் காப்பாத்திப்போட்டன் எண்டு. நான் காப்பாத்தினது வயலை இல்லை, என்ர பழைய கோபத்தை.

இனி அடுத்த விசர் வேலை. முதலாளி ஒருநாள் சொன்னார், மிஸ் வராத நாளில சனம் ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கிடக்குது, உங்கட கையெழுத்தை ஸ்கேன் பண்ணிக் கம்பியூட்டரில வைச்சால், நீங்கள் போனில ஓம் எண்டு சொன்னால் காணும். எல்லா இடத்திலயும் இப்பிடித்தானாம். நான் ஓம் எண்டன். ஆளைப் போய்ப் பாக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது எண்டு ஊரெல்லாம் ஏசித்திரிஞ்ச நான், என்ர கையெழுத்தைக் கழட்டிக் கம்பியூட்டருக்குள்ள வைச்சிட்டு வீட்டை வந்தனான். ஏன் எண்டு கேட்டால், மற்ற நாலு நாளும் நிம்மதியா இருக்கலாம் எண்டு.

ரெண்டு வருசம் ஒண்டும் நடக்கேல்ல. ஒண்டும் நடக்காதபடியால்தான் எங்களுக்குத் துணிவு வாறது.

பிறகு மட்டக்களப்பில எங்கட சொந்தத்தில ஒரு கலியாணம். தாலி கட்டுற நேரம் கிட்டுது, போன் அடிக்குது. ரிஸ்னா. மூதூரில நாங்கள் இரத்தம் சேர்க்கிற இடத்தில இருந்து வந்த சாம்பிள், அறுபது வயசு மனிசன், ஏற்கனவே கிட்னி வருத்தம். பொட்டாசியம் ஒன்பதுக்குக் கிட்ட, கல்சியம் இல்லையெண்ட மாதிரி. மெஷின் சரியோ எண்டு கேட்டன். சரி எண்டா. கிட்னி வருத்தக்காரருக்குப் பொட்டாசியம் ஏறும்தானே, அனுப்பு எண்டன்.

"மிஸ், கல்சியம் இப்பிடி வராதே" எண்டா.

மேளம் அடிக்குது, சனம் அரிசி எறியுது, எனக்குப் பக்கத்தில நிண்ட மனிசி ஆர் போனில எண்டு கேக்கிறா. "பிள்ளை, எனக்கு இஞ்ச ஒண்டும் கேக்கேல்ல. நீ அனுப்பு, மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போனைக் கட் பண்ணினனான். பிறகு போய்ப் பந்தியில இருந்து வடிவாச் சாப்பிட்டனான், பாயாசம் ரெண்டு தரம்.

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கோணும். விளங்காட்டில் இண்டைக்கே விளங்கிக்கொள்ளுங்கோ. ஊதா மூடிக் குழாய்க்குள்ள இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கிடக்கு. அந்த மருந்திலேயே பொட்டாசியம் இருக்கு, அது கல்சியத்தையும் பிடிச்சு வைச்சிடும். சிவப்பு மூடிக் குழாயில இரத்தம் குறைஞ்சு போச்செண்டு ஆரும் ஊதாவில இருந்து கொஞ்சம் ஊத்தி நிரப்பினால், வருத்தமில்லாத மனிசனும் ரிப்போர்ட்டில சாகக் கிடப்பார். இதைச் சின்னப்பிள்ளையும் பிடிக்கும், கல்சியத்தைப் பாத்தால். நான் பொட்டாசியத்தை மட்டும் கேட்டனான், கல்சியத்தைக் காதில விழுத்தேல்ல.

ரிஸ்னா அனுப்பேல்ல. மூதூருக்குப் போன் எடுத்து, இரத்தம் எடுத்த ஆளைக் கேட்டிருக்கிறா. ஓம், சிவப்பில இரத்தம் போதாமல் போச்சு, ஊதாவில இருந்து கொஞ்சம் விட்டனான் எண்டு அந்த ஆள் சொல்லியிருக்கிறார். ஒரே ஆளின்ர இரத்தம்தானே, என்ன பிழை எண்டும் கேட்டாராம். இவ போனை வைச்சிட்டுத் திரும்ப முதல், முதலாளி தானே கம்பியூட்டரில இருந்து ரிப்போர்ட்டை அந்த வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப்போட்டார். மிஸ் அனுப்பச் சொன்னவதானே, நீர் ஆர் மறிக்க எண்டு கேட்டிருக்கிறார். அடியில என்ர கையெழுத்து, என்ர பதிவு இலக்கம்.

அந்தப் பிள்ளை என்ன செய்தா தெரியுமோ. சாம்பிளோட வந்த துண்டில இருந்த நம்பரை எடுத்து நோயாளியின்ர மகனுக்குத் தானாப் போன் எடுத்தா. அவர் அதுக்குள்ள தகப்பனை ஓட்டோவில ஏத்தி ஆஸ்பத்திரி வாசலுக்கே போயிட்டார். இந்த ரிப்போர்ட் பிழை, மருந்து ஒண்டும் ஏத்த முதல் திரும்ப இரத்தம் எடுக்கச் சொல்லுங்கோ எண்டு கெஞ்சியிருக்கிறா. மகன் டொக்டரிட்டச் சொன்னவர். டொக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், வடிவா இருந்தது. திரும்ப இரத்தம் எடுத்துப் பாத்தினம், அந்த மனிசனுக்கு எப்பவும் இருக்கிற அளவுதான் இருந்தது.

நான் ரெண்டு நாள் கழிச்சு லாப்புக்கு வந்தனான். ரிஸ்னாவின்ர இடத்தில வேற ஒரு பிள்ளை. கேக்க முதலே அந்த நோயாளியின்ர மகன் உள்ள வந்தார், கையில ரிப்போர்ட். சத்தம் போடேல்ல. பொட்டாசியத்தை இறக்கிற மருந்தை இதை நம்பி ஏத்தியிருந்தால் உங்கட வாப்பாவுக்கு நானே நெஞ்சை நிப்பாட்டியிருப்பன் எண்டு டொக்டர் சொன்னவராம். "இதில கையெழுத்து வச்சது ஆரு?" எண்டு கேட்டார்.

நான்தான் எண்டு சொன்னன். முப்பத்திரண்டு வருசத்தில அப்பிடி ஒரு வெக்கம் நான் பட்டதில்லை. அந்த மனிசன் என்னை ஏசேல்ல. என்னைப் பாத்தார், பிறகு, போன் எடுத்த பிள்ளை எங்க, எங்கட உம்மா அவவுக்கு நன்றி சொல்லச் சொன்னவ எண்டார்.

பிள்ளையை வேலையால நிப்பாட்டிப்போட்டினம். லாப் அனுப்பின ரிப்போர்ட்டைப் பிழை எண்டு வெளி ஆளுக்குச் சொன்ன குற்றம். நான் முதலாளியோட சண்டை பிடிச்சன். அவ சொன்னது சரி, நான் சொன்னது பிழை, நிப்பாட்டுறதெண்டால் என்னை நிப்பாட்டுங்கோ எண்டன். அவர் கோபப்படேல்ல, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. "மிஸ்ஸிட்ட பதிவு இருக்கு. அவட்ட என்ன பேப்பர் இருக்கு?" எண்டு ஆறுதலாக் கேட்டார். அந்தப் பேப்பர் வேண்டாம் எண்டு சொன்னதே நான்தானே. என்ர கையெழுத்தைக் கம்பியூட்டரில இருந்து எனக்கு முன்னாலயே அழிப்பிச்சுப்போட்டு, அண்டையோட அந்த லாப்பை விட்டு வந்தனான்.

அடுத்த கிழமை முழுக்க நான் ரெண்டு வருசத்துக்கு முதல் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தனான். அந்தக் கொழும்பு நிறுவனத்துக்குப் போன் எடுத்தன். ஒரு பிள்ளை தேன் ஒழுகக் கதைச்சுது. இந்த டிகிரி முடிச்சால் எங்கட நாட்டில பதிவு எடுக்கலாமா எண்டு கேட்டன். உலகம் முழுக்க அங்கீகாரமாம். உலகத்தை விடுங்கோ, இஞ்ச ஒரு ரிப்போர்ட்டில கையெழுத்துப் போடலாமா எண்டன். தவணை முறையில கட்டலாமாம். பிள்ளை, நான் காசு கேக்கேல்ல, கையெழுத்துக் கேக்கிறன் எண்டன். மனேச்சரோட கதைக்கச் சொல்லி லைனில போட்டா, பாட்டுப் போச்சுது. மனேச்சர் வந்து, எங்கட மாணவர் கனபேர் இப்ப கட்டாரில எண்டார். எனக்கு வந்த கொதிக்கு அந்தப் போனை நிலத்தில அடிச்சிருப்பன்.

கடைசியில பழைய சிநேகிதி ஒருத்தி மூலம் வடிவா விசாரிச்சன். அந்தப் பளபளப்புப் புத்தகத்து டிகிரிக்கு இஞ்ச பதிவு இல்லை. நான் வேண்டாம் எண்டது அந்தளவில சரிதான், ஆனா குருட்டு வாக்கில சரி. புத்தகத்தைத் திறந்து பாத்திருந்தால் இது வேண்டாம், பதிவு கிடைக்கிற வேற இடம் பாப்பம் எண்டு அண்டைக்கே சொல்லியிருப்பன். அப்பிடி ஒரு இடம் இருந்தது. காசு கூட, ஆனா பதிவு இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில பயிற்சியும் இருக்கு. இந்த ரெண்டு வருசத்தில அந்தக் காசும் இன்னும் கூடிப்போச்சு.

தோப்பூருக்குப் பஸ் எடுத்துப் போனன். வாப்பா வயலால வந்து, கால் கழுவி, சேட் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். உம்மா பிளேன்ரீயும் வாழைப்பழமும் வைச்சா. ரிஸ்னா வாசலில சாய்ஞ்சுகொண்டு நிண்டா. நான் எல்லாத்தையும் சொன்னன். கலியாண வீட்டையும் சொன்னன், பாயாசத்தையும் சொன்னன். இந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கு, ஆனா கண்ணுக்கு அதிகாரம் இல்லை, அதைத்தான் இந்தப் படிப்பு குடுக்கும், சம்பளத்தை ஒருபக்கம் வையுங்கோ எண்டன். எவ்வளவு காசு முடியும் எண்டதையும் மறைக்காமல் சொன்னன். பாதி வயலை வித்தாலும் இனிக் காணாது எண்டதை அந்த மனிசனே கணக்குப் பாத்திட்டார், முகத்தில தெரிஞ்சிது.

பிளேன்ரீயை எடுத்து ஒரு வாய் குடிச்சார். பிறகு கேட்டார்: "அண்டைக்கும் நீங்கதான் மிஸ் சொன்ன, வேணாம் எண்டு. இண்டைக்கும் நீங்கதான் சொல்ற, படிக்கட்டும் எண்டு. எந்தக் கதைய நான் நம்புற?"

"இண்டைக்குச் சொன்னதை நம்புங்கோ நானா. அண்டைக்கு நான் உங்கட பிள்ளையைப் பாத்துச் சொல்லேல்ல. டிகிரி இல்லாததால எனக்குப் பட்ட கோபத்தில சொன்னனான்."

அந்த மனிசன் வயலை என்ன செய்யிறதெண்டு யோசிக்கிறாரோ, என்னைப் பற்றி யோசிக்கிறாரோ தெரியாது, கோப்பையைப் பாத்துக்கொண்டிருந்தார். நான் ரிஸ்னாவைப் பாத்தன். நீ என்ன சொல்றாய் பிள்ளை, நாலு வருசம், உன்னை விட மூண்டு நாலு வயசு குறைஞ்சதுகளோட வாங்கில இருக்கோணும், ஏலுமா எண்டு கேட்டன்.

அவ முதல்ல அண்டைக்கு லாப்பில நடந்ததைச் சொன்னா. அனுப்பு எண்டு நான் சொன்ன உடன, தான்தான் பிழையோ எண்டு ஒரு நிமிசம் வந்திட்டாம். மிஸ் சொன்னால் சரியாத்தான் இருக்கும், தனக்கு என்ன தெரியும் எண்டு கை அனுப்புற பட்டனில போய் நிண்டதாம். அந்த ஒரு நிமிசத்தை நினைச்சால் தனக்கு இன்னும் நித்திரை வராதாம்.

பிறகு வாப்பாவைப் பாத்து, "படிக்கிறன்" எண்டா. என்னைப் பாத்து, குரல் உயர்த்தாமல், மரியாதையாத்தான் சொன்னா.

"படிச்சிட்டு வந்து நானும் ரிப்போட்டில கையெழுத்து வைப்பன் மிஸ். உங்கள மாதிரி வைக்க மாட்டன்."